தாங்கும் என்று சொல்லி விற்ற மீன்

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் பஸ்ஸில், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி தண்ணீர், பாதி காற்று, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய வாய். உள்ளே கறுப்பு மோலி மீன்கள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கவரைத் தூக்கிப் பிடித்தேன். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி உள்ளங்கையில் பட்டதும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஒரு பெரியவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதே ரூட்டில் இதே மாதிரி கவரோடு நாம் வந்திருக்கிறோம். நீ அதை மடியில் வைக்க மாட்டாய். துப்பட்டாவால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாய். "வெயில்ல தண்ணி சூடாயிடும்டி." ஒருமுறை கண்டக்டர், "இன்னாமா, கொழந்தைக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டார். "பால் குடிக்கிற கொழந்தைக்கு ஏதுண்ணே டிக்கெட்?" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

உன் மகள் சனா போன் செய்திருந்தாள். அதனால்தான் போனேன். "காலா, தொட்டி ஃபுல்லா பச்சையாயிடுச்சு. உள்ள கப்பி இருக்குதா இல்லியான்னே தெரியலை. அம்மா வாங்கியாந்த மாதிரி மீனு ஒண்ணு வாங்கியா. கண்ணாடிய திங்குமே, அது."

காலா என்றால் சின்னம்மா. உன் அம்மாவை அம்மி என்று கூப்பிடும் உன் வீட்டு உருதுவில் எனக்குக் கிடைத்த பதவி அது. கம்பெனியில் எனக்குக் கிடைத்த இன்னொரு பதவியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

நாம் அந்த ஷூ கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷின். பெங்களூருக்குப் போன புருஷன் திரும்பி வராததால் நீ வந்தாய். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் அப்பாவுக்கு ஆர்டர் கம்மியானதால் நான் வந்தேன். என்னிடம் ஒரு டிப்ளமோ இருந்தது. உன் தையல் என் தையலைவிட நேராக இருந்தது. கொஞ்ச காலத்தில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நேரான தையலுக்கு எந்தக் கம்பெனியிலும் சூப்பர்வைசர் நாற்காலி கிடைப்பதில்லை. நீ அதற்காக முகம் சுளிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை "மேடம்" என்றாய். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "மேடம் கொஞ்சம் தள்ளி ஒக்காருடி, எருமை" என்றாய்.

அந்த மீன் தொட்டி நீ வாங்கியதல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஜன்னலுக்குக் கீழே அதை வைத்தாய். வெயில் நேராக அதன் மேல் விழும். தண்ணீர் ஊற்றி, கப்பி மீன்களை விட்டு, சனா கைதட்டி முடிப்பதற்குள் கண்ணாடியில் பாசி பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

"வெயில் படாத எடத்துல வைடி" என்றேன்.

"எடமா? நான், சனா, அம்மி, மூணு பேரும் படுத்தா கதவையே தொறக்க முடியாது. இதுல மீனுக்குத் தனி ரூம் வேற வேணுமா?"

அப்படித்தான் பாசி தின்னும் மீனைத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு சக்கர் மீன் வாங்கினாய். உடம்பெல்லாம் புள்ளி, அடியில் வாய். கடைக்காரர் அதைக் 'கிளீனர்' என்றார். "இத வுட்டா போதும்மா. அழுக்கு எல்லாம் தின்னுடும். இதுக்குத் தனியா தீனி கூட போட வேணாம்." வெளியே வந்ததும் நீ என் கையைக் கிள்ளினாய். "கேட்டியாடி? வேலை மட்டும் செய்யுமாம், சோறு போட வேணாமாம். நம்ம கம்பெனிக்கு இந்த மாதிரி ஆளுங்க தான் தேவை."

அது கண்ணாடியைச் சுத்தம் செய்ததைவிட வளர்ந்ததுதான் ஜாஸ்தி. கை நீளத்துக்கு வந்தது. வாலை வீசினால் கல்லெல்லாம் புரளும். சனா பயந்து தொட்டிப் பக்கமே போவதில்லை. ஒரு பக்கெட்டில் போட்டு அதைத் திரும்பக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். "ஏரில வுட்டுடுங்கம்மா. எல்லாரும் பெருசானா அப்டித்தான் வுட்டுட்டுப் போறாங்க."

"வளத்ததை வுட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா ஆம்பளையா?" என்று கேட்டாய்.

அவர் பக்கெட்டை வாங்கி உள்ளே வைத்தார்.

அடுத்துத்தான் வேலூர். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த மீன் கடை. கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நுழைந்து போய்ச் சேர்ந்தால் உள்ளே திடீரென்று ஈரமும் இருட்டும். சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு மீனை நீ கண்டுபிடித்தாய். வயிறு வெள்ளை, பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு. கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அது போன வழியில் பாசி இல்லை. நீ அதன் முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றாய். "சத்தமே இல்லாம வேலை செய்யுது பாருடி. பெரிசாவும் ஆகாதாம்." கொஞ்சம் விலை ஜாஸ்தி. இருந்தும் நாலு மீன் வாங்கினாய்.

இரண்டொரு நாளில் நாலும் செத்துவிட்டன. கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். என்னவென்று கேட்டேன்.

"வாய் கண்ணாடியிலேயே ஒட்டிக்கினு இருந்துச்சுடி. நான் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

தண்ணீர்தான் காரணம். நீ ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும், காய்ந்த பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், சோப்பு நுரைக்காது. தோலை உப்பில் ஊறவைத்து அலசிய தண்ணீரை நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த ஊர் மண்ணுக்குள் விட்டார்கள். தோல் ஷூவாகி எங்கெங்கோ போய்விட்டது. உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது, நம் குழாயில் வருகிறது. குடிக்கக் கேன் வாங்குகிறோம். மீனுக்கும் கேன் வாங்க நம்மால் முடியுமா?

நம் கம்பெனியின் ரிசப்ஷனில் இருந்த தொட்டிக்கு முடிந்தது. சோபா நீளத்துக்கு இருக்கும் அது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அதற்குக் கேன் தண்ணீர், விளக்கு, மெட்ராஸிலிருந்து வந்து கழுவிவிட்டுப் போக ஓர் ஆள். கேட்டில் லேட்டாகிக் கையெழுத்துப் போட நின்ற நாளில் நீ அதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாய். "அது எல்லாம் ஸ்டாஃப் மீனுடி. நம்ம வீட்டுல இருக்கிறது பீஸ் ரேட்டு, எவ்ளோ பாசி தின்னுதோ அவ்ளோ தான் கூலி."

மறுபடியும் வேலூர் போனோம். இந்தத் தடவை கடைக்கார பாய் வலையைக் கையில் எடுத்துக்கொண்டே, "எந்த ஊரு தண்ணிம்மா?" என்று கேட்டார். ஆம்பூர் என்றதும் வலையைச் சின்ன மீன் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

"அது வேணாம், பாவம். கறுப்பு மோலி எடுத்துக்கோங்க. பாசியும் கொத்தித் திங்கும், உப்புத் தண்ணியும் தாங்கும்."

"இவள மாதிரி" என்றேன் நான். "இவளும் எல்லாத்தையும் தாங்குவா பாய்."

நீ முழங்கையால் என் விலாவில் இடித்தாய். மூன்று பேரும் சிரித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புதான்.

மோலி செத்துப் போகவில்லை. குட்டி போட்டது. கண்ணாடியை முழுசாகச் சுத்தம் செய்தது என்று சொல்ல முடியாது, ஆனால் நாள் பூராவும் கொத்திக்கொண்டே இருந்தது. சனா பாசத்தில் தீனியை அள்ளி அள்ளிப் போடுவாள். வயிறு நிறைந்தால் அது பாசிப் பக்கம் திரும்பாது. தீனி டப்பாவை பீரோ மேல் ஒளித்து வைத்தாய். "காலைல தீனி போடக் கூடாதுடி. பசி இருந்தா தான் கண்ணாடிகிட்ட போவும்." சொல்லிவிட்டு நீயே நாக்கைக் கடித்துக்கொண்டாய். "பாரேன், மேனேஜர் மாதிரி பேசறேன்."

அதற்குப் பிறகுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

பேஸ்டிங் செக்‌ஷனில் ஆள் போதவில்லை. என் லைனிலிருந்து ஒருத்தியைத் தரச் சொன்னார். பேஸ்டிங் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்யூஷனைப் பிரஷ்ஷில் தொட்டுத் தோலில் தடவி ஒட்டும் வேலை. பெட்ரோல் பங்க்கும் பஞ்சர் கடையும் ஒன்றாகச் சேர்ந்த வாசனை. போன முதல் நாள் தலை சுற்றும், பிறகு பசி போகும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தாலே கம்பெனி புரிந்துவிடும். காலனிப் பெண்கள், புருஷன் இல்லாதவர்கள், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்கள். வெளிநாட்டு பையர் வரும் நாளில் எல்லோருக்கும் புது மாஸ்க், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் ஓடும். கார் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க் திரும்ப அலமாரிக்குப் போகும்.

என் லைனில் இருந்தவர்களை மனதுக்குள் ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்தேன். ஒருத்தியின் அண்ணன் கேட்டில் வந்து சத்தம் போடுவான். ஒருத்தி மாசமாக இருந்தாள். ஒருத்தி மேஸ்திரிக்குச் சொந்தம். உனக்காக வந்து சத்தம் போட யாரும் இல்லை. வேறொருத்தி பேரைச் சொன்னால், தோஸ்த்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று லைனில் பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். என் நாற்காலி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மேனேஜரிடம் ஒரே வார்த்தையாகச் சுருக்கினேன்.

"அவ தாங்குவா சார்."

சாயங்காலம் பஸ்ஸில் உன்னிடம் நானே சொன்னேன். மற்றவர்கள் பேசுவார்கள், அதனால்தான் என்று விளக்கினேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"மோலியா நானு?"

கேட்டுவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, ஒரு வாரம் பேசாமல் இருந்து, சமாதானம் ஆகியிருப்போம். நீ சிரித்ததால் எதையும் முடிக்க முடியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு உன்மேல் அந்த வாசனை ஏறிவிட்டது. குளித்தாலும் போகவில்லை. பஸ்ஸில் மற்றவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை, அதுவே பெரிய தியாகம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நீ படியேறினால் நின்று நின்று ஏறினாய். "தூசிடி" என்பாய். ஒரே ஒருமுறை, "லைன்ல எடம் காலியானா சொல்லுடி" என்றாய். பார்க்கிறேன் என்றேன். எடம் காலியானது. யாரோ ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தோடு ஒரு பெண் வந்து அதில் உட்கார்ந்தாள். நான் மேனேஜரிடம் வாயைத் திறக்கவில்லை. நீ இரண்டாவது முறை கேட்கவில்லை.

ரம்ஜானுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். அம்மி தட்டு நிறையப் பிரியாணி வைத்தார். தொட்டிக்குள் மோலிகள் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தன. பேச ஒன்றும் கிடைக்காமல், "பாரேன், இந்தத் தண்ணியையும் எப்படித் தாங்குது" என்றேன்.

"தாங்குதுன்னு யாருடி சொன்னது?" என்றாய். இருமல் வந்தது, முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய். "சாவலை. அவ்ளோதான்."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். அம்மி, "ஷூ கம்பெனி" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேஸ்டிங் என்று ஒரு வார்த்தை நான் சேர்த்திருக்கலாம். சொன்னால் ஏதாவது மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. சொல்யூஷன்தான் உன்னைக் கொன்றது என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அதை நிரூபிக்கத் தெரியாது. அது இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். சொன்னால், அங்கே அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேனோ என்னவோ.

நீ திரும்பி வரவில்லை. அந்த நாட்களில் தொட்டியை யாரும் பார்க்கவில்லை. மோலிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அடக்கம் முடிந்த அன்று அம்மி என் கையில் டீ கொடுத்து, உன்னை மகளே என்று கூப்பிடும் அதே வார்த்தையால் என்னையும் கூப்பிட்டார். "நீ வந்து போய்க்கினு இரு பேட்டி. அவளுக்கு நீ தான் எல்லாம்." அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இத்தனையும் முடிந்து, நான் வேலூர் போனதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மேனேஜர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். உன் இடம் மறுபடியும் காலி. இடையில் வந்த இரண்டு பேரும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். "திங்கக்கெழமை ஒரு பேரு குடும்மா. நீ குடுக்கிற ஆளு நல்லா நிக்கிறாங்க." நல்லா நிக்கிறாங்க. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் லைனில் மோகனா என்று ஒரு பெண் இருக்கிறாள். விரிஞ்சிபுரம் பக்கம். நீ பார்த்ததில்லை, உனக்குப் பிறகு வந்தவள். அப்பா இல்லை. லீவ் கேட்க மாட்டாள். திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். மேனேஜர் பேர் கேட்ட அந்த நிமிடமே அவள் பேர் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சொல்லாமல் வெளியே வந்தேன், ஆனால் திங்கட்கிழமை சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. உன்னைக் கொடுத்த பிறகும் என் புத்தி அதே வழியில்தான் ஓடுகிறது. அதைத்தான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது.

அந்தப் பேரை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை லாங் பஜாருக்குப் போனேன். அதே பாய். தாடி நரைத்திருந்தது. மோலி கேட்டேன். ஆம்பூர் தண்ணீர் என்றேன்.

"தாங்கும் இல்ல பாய்?"

"தாங்குறது இன்னாம்மா?" என்றார், வலையால் மீனைத் துரத்திக்கொண்டே. "அதுக்கு அந்தத் தண்ணி தான் புடிக்கும். கடலோரத்துல இருக்கிற ஜாதி. நல்ல தண்ணில வுட்டீங்கன்னா தான் சொணங்கிப் படுத்துக்கும்."

"முன்ன நீங்க தானே தாங்கும்னு சொன்னீங்க?"

"வியாபாரத்துல அப்டித்தான் சொல்றது. எதையும் தாங்கும்னா தான் ஜனங்க வாங்குறாங்க."

கவரைக் கட்டிக் கையில் கொடுத்தார். நான் அங்கேயே நின்றேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடித்து, "வழி வுடும்மா" என்றார்.

அந்த மீன் எதையும் தாங்கவில்லை. அதற்குப் பிடித்த தண்ணீரில் அது நிம்மதியாக இருந்தது. 'சாவலை, அவ்ளோதான்' என்று நீ சொன்னது மீனுக்குப் பொருந்தாது, உனக்குப் பொருந்தும். நானோ மீனையும் புரிந்துகொள்ளவில்லை, உன்னையும் புரிந்துகொள்ளவில்லை. பேஸ்டிங்குக்குப் போகப் பிடித்திருக்கிறதா என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

மீன்களை சனாவிடம் கொடுத்தேன். கவரைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள், நீ செய்வது போலவே. "ஒடனே வுடக் கூடாது காலா. மொதல்ல தண்ணி பழகணும். அம்மா சொல்லும்." பச்சைத் தண்ணீரில் கறுப்பு மீன்கள் மறைந்தன.

திங்கட்கிழமை மிஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் லைனில் நின்று சத்தமாகக் கேட்டேன். "பேஸ்டிங்குக்கு ஆள் கேக்கிறாங்க. யாருக்கு இஷ்டம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. "இன்னாக்கா, கல்யாண வூட்ல லட்டு வேணுமான்னு கேக்குற மாதிரி கேக்குற?" என்றாள் ஒருத்தி. "எனக்கு ஒரு தட்டு பார்சல்" என்றாள் இன்னொருத்தி. மோகனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்திருக்கப் போனாள். தன் பேர்தான் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஒக்காரு என்றேன்.

மேனேஜரிடம் போனேன். "யாருக்கும் இஷ்டம் இல்ல சார்."

"இஷ்டமா? இது இன்னா ஹோட்டலாம்மா, இஷ்டத்தைக் கேட்டுப் பரிமாறதுக்கு?"

"ஃபேன் ஓடட்டும், மாஸ்க் குடுங்க சார். அப்ப கேட்டுப் பாக்கிறேன்."

"அவ்ளோ அக்கறை இருந்தா நீயே போய் ஒக்காரு."

அவர் கோபத்தில் சொன்னார். நான் மத்தியானத்துக்குள் ஒரு பேரோடு திரும்பி வருவேன் என்று நினைத்திருப்பார். நான் போய் உட்கார்ந்தேன். தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதே. வாயில் மோகனா பேர் இருந்தது. அது வெளியே வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் போனேன். உன் ஸ்டூல்தான். ஒரு கால் குட்டை. நீ அதற்கடியில் தோல் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறாய், இன்னும் அங்கேயே இருக்கிறது.

முதல் நாள் வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த காலனி அக்கா, "மேடத்துக்கு ரெண்டு நாள் அப்டித்தான் இருக்கும். அப்பறம் எதுவுமே தெரியாது" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தலைவலி புதன்கிழமை வரை இருந்தது. வியாழக்கிழமை வாசனையே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மேனேஜர் வந்து என் பின்னால் நின்றார். "வெளையாட்டு போதும்மா. திங்கக்கெழமை அந்த விரிஞ்சிபுரத்துப் பொண்ணை அனுப்பு." நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. எல்லா லைனிலிருந்தும் முறை வைத்து, வாரத்துக்கு ஒருத்தி வரட்டும் என்றேன். என் முறையும் அதில் இருக்கட்டும், ஃபேன் தினமும் ஓடட்டும், இல்லாவிட்டால் அடுத்த பையர் வரும்போது நான் இந்த ஸ்டூலில்தான் இருப்பேன், மாஸ்க் போட மாட்டேன் என்றேன். "மெரட்றியா?" என்றார். இல்லை சார், பீஸ் ரேட் ஆளுங்க எப்படி மிரட்ட முடியும் என்றேன். நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபேன் ஓடியது. திங்கட்கிழமையும் ஓடுமா, எனக்கு வேலை இருக்குமா, எதுவும் தெரியாது. மோகனா பேரை மட்டும் நான் சொல்லவில்லை.

இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் உட்கார்ந்தது ஒரு வாரம். நீ அங்கே எத்தனை காலம் உட்கார்ந்தாய் என்று எண்ணுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ சிரிப்பாய், மறுபடியும் முடிக்காமல் போய்விடும்.

இன்று ஞாயிறு. உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மோலிகள் நன்றாக இருக்கின்றன. கண்ணாடியில் ஓரிடத்தில், கை அகலத்துக்கு, பாசி போய்த் தெளிந்திருக்கிறது. அந்த இடத்தில் கண்ணை வைத்து சனா உள்ளே பார்க்கிறாள். மீதிப் பாசியை நான் தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, கையைத் தொட்டிக்குள் விட்டேன். வெளியே எடுத்துத் துடைத்ததும் சனா என் கையைப் பிடித்தாள். பிடித்து முகத்தருகே கொண்டு போனாள்.

"காலா, உன் கையில அம்மா வாசனை."

எனக்கு வாசனை தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவள் என் உள்ளங்கையை மூக்கோடு வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். அது சொல்யூஷன், மூச்சை அடைக்கும், வேண்டாம் என்று கையைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவளுக்கு உன்னிடமிருந்து வேறு எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. அம்மி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு பின்பக்கம் போய், குழாயைத் திறந்து, சோப்பை எடுத்துத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் உனக்குத் தெரியும். நுரை வரவில்லை.